எழவு சொல்லப் போனவரின் விளக்கக் கடிதம்

நான் எழுதிக் கொடுத்த விளக்கக் கடிதங்களில் ஓட்டையே இல்லாதது ஒன்றுதான். அந்தக் கடிதத்தால் ஒருவருக்கு வேலை போயிற்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பதிலி ஆளாக இருந்தேன். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத நாளில் அவருடைய மெஷினில் நிற்பவன்தான் பதிலி. காலையில் ஷிஃப்ட் மணி அடிப்பதற்கு முன் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் உள்ளே போகலாம், கூப்பிடாவிட்டால் டீ குடித்துவிட்டு அறைக்குத் திரும்பலாம். அதற்கு முன் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு ஃபவுண்டரி, அதற்கும் முன் பொள்ளாச்சியில் ஒரு பேக்கரி, இடையில் கொஞ்ச காலம் லாரியில் கிளீனர். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எந்த ஊரிலும் இரண்டு வருஷம் முழுதாக இருந்ததில்லை. யாரும் துரத்தவில்லை, கால் நிற்காது, அவ்வளவுதான்.

கடிதம் எழுதும் புத்தி ஃபவுண்டரியில் வந்தது. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை என்று எனக்கு மெமோ கொடுத்தார்கள். "காய்ச்சல், ஆகையால் வரவில்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"காய்ச்சல் வந்தா வரமாட்டயா? உம்பட பக்கத்துல நிக்கறானே, அவன் நேத்துக் காய்ச்சலோடதான வந்து நின்னான்?"

பக்கத்தில் நின்றவன் ஆமாம் என்று தலையாட்டினான். கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் தோன்றியது. அவனுக்கு மண் சலிக்கிற வேலை. எனக்கு உருக்கிய இரும்பைக் கரண்டியில் தூக்கி அச்சில் ஊற்றுகிற வேலை. காய்ச்சலில் கை நடுங்கினால் எதிரில் கரண்டியின் மறுமுனையைப் பிடித்திருப்பவன் காலில் இரும்பு விழும். அதைச் சொல்லியிருந்தால் மேனேஜர் வாயைத் திறந்திருக்க முடியாது. எனக்கு அது தெரிந்த விஷயம்; தெரிந்ததாலேயே சொல்லத் தோன்றவில்லை. காய்ச்சலுக்கும் வராததற்கும் நடுவே ஒரு பலகை போட்டிருக்க வேண்டும். போடவில்லை, விழுந்தேன்.

அதிலிருந்து யார் பேசினாலும் எங்கே பலகை இல்லை என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்களின் பேச்சில் பல இடத்தில் பலகை இருக்காது. நாயை விரட்டுவதற்குக்கூட "ங்க" போட்டுப் பேசுகிற ஊர். எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைப்பதை எடுத்துச் சொல்வது மரியாதைக் குறைவு. அதனால் காரணத்தில் பாதியை விழுங்கிவிடுவோம். வீட்டில் அது நடக்கும். மெமோவுக்குப் பதில் எழுதும்போது நடக்காது.

மில்லில் முதலில் ஒரு ஸ்பின்னிங்காரருக்கு எழுதினேன். அவர் மெஷினில் கழிவுப் பஞ்சு அதிகம் விழுகிறது என்று மெமோ. "மெஷின் சரியில்லீங்க" என்பதுதான் அவருடைய பதில். மெஷின் சரியில்லை என்று எல்லோருமே சொல்வார்கள். அதே மெஷினில் மற்ற இரண்டு ஷிஃப்டிலும் அதே அளவு கழிவு விழுகிறது, ஷிஃப்ட் புத்தகத்தைப் பாருங்கள் என்று நடுவில் ஒரு வரி சேர்த்தேன். மெமோவை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கேன்டீனில் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். "இந்தப் பதிலி எழுதுனா நிக்குது" என்று பேச்சு. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பதிலி ஆளை மில்லில் வேறு எதற்கும் யாரும் தேடி வருவதில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் இவர். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பகுதியில் பதினைந்து வருஷமாக நிரந்தரம். வயது நாற்பதுக்கு மேல். ஒல்லியான ஆள், பஞ்சுத் தூசியால் எப்போதும் ஒரு வறட்டு இருமல். பல்லடம் ரோட்டில் பஸ் இறங்கி உள்ளே மூன்று மைல் நடந்தால் அவருடைய ஊர். ஊருக்கு வெளியே, தோட்டங்களுக்கு நடுவே, அவருடைய சாதிக்காரர்களின் பத்துப் பன்னிரண்டு வீடுகள். ஊரில் நூறு ஏக்கர் வைத்திருந்த ஒரு கவுண்டர் குடும்பத்தைப் பெரிய ஊடு என்று சொல்வார். இவருடைய அப்பாவும் தாத்தாவும் அந்த வீட்டுப் பண்ணையத்தில் இருந்தவர்கள். இவர் மட்டும் மில்லுக்கு வந்து நிரந்தர ஆளுக்கான கார்டு வாங்கியிருந்தார்.

சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுத் தூக்குப்போசி வைத்திருந்த பையிலிருந்து சார்ஜ் ஷீட்டை எடுத்து நீட்டினார். முதல் ஷிஃப்டில், காலை பத்து மணிக்கு, அனுமதி இல்லாமல் மெஷினை விட்டுவிட்டு வெளியே போனது. அதன் பிறகு இரண்டு நாள் வராதது. ஏன் வேலை நீக்கம் செய்யக் கூடாது என்று ஏழு நாளில் பதில் தர வேண்டும். அந்த வருஷங்களில் மில்லில் நிரந்தர ஆட்களைக் குறைத்து கான்ட்ராக்ட் ஆட்களை எடுக்க வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னெல்லாம் திட்டி விடுகிற விஷயத்துக்கு இப்போது தாள் கொடுத்தார்கள்.

"எதுக்குங்ணா போனீங்க?"

"எழவுக்குப் போனனுங்க."

"யாரு எழவு?"

"பெரிய ஊட்டு ஆத்தா தவறிப்போட்டாங்க. எழவு சொல்லப் போவோணுமுங்கல்ல?"

அந்த வீட்டில் சாவு விழுந்தால், உறவுக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் போய்ச் சொல்வதும், பிறகு இரண்டு நாள் அங்கேயே கூடமாட நிற்பதும் இவருடைய குடும்பத்தின் முறை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன், அண்ணன் இறந்த பிறகு இவர். எப்போதோ செத்துப்போன வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, மில் கார்டு வைத்திருப்பவர் இன்னும் எழவு சொல்லப் போகிறார் என்பது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

சங்கத்துக்காரர் ஒருவர் ஏற்கெனவே அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். தப்புத்தான், இனிமேல் நடக்காது, மன்னிக்கவும் என்று எழுதிக் கொடு, எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று. எனக்கு அது பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி. அடுத்த முறை இதைக் காட்டியே நீக்குவார்கள் என்றேன். அது உண்மையும்கூட. ஆனால் அதற்காக மட்டும் நான் சொல்லவில்லை. அவருடைய காரணத்தில் மூன்று இடத்தில் பலகை இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போட்டுப் பார்க்கக் கை அரித்தது.

விசாரணை அதிகாரி மாதிரி நான் கேள்வி கேட்டேன். அவர் பதில் சொன்னார்.

"மெஷினை மாத்திக்க ரிலீவர் ஒரு மணிக்கு வந்திருப்பான். மூணு மணி நேரம் பொறுத்துப் போயிருக்கலாமே?"

"மேஸ்திரியும் அதேதானுங்க சொன்னாரு. பொழுதுக்குள்ள எடுக்கோணுமுங்க. ஆத்தாவுக்குப் பொறந்த ஊடு தாராபுரத்துக்கு அங்குட்டு. பொறந்த ஊட்டுக் கோடித்துணி வராம எடுக்க முடியாதுங்கல்ல? நா ஒரு மணிக்குக் கெளம்புனா அவங்க எப்ப வர்றது, எப்ப எடுக்கறது?"

"மில்லுக்கு எதிர்லயே எஸ்.டி.டி. பூத் இருக்குது. ஃபோன் பண்ணிச் சொன்னா ஆகாதா?"

அவர் சிரித்தார். "ஏனுங்க, எழவை ஃபோன்ல சொல்லுவாங்களா? ஆளு வந்து சொல்லாட்டி ஒறம்பரைச் சனம் வரமாட்டாங்க. அப்பறம் காலத்துக்கும் பேச்சு. ஆளுகூட அனுப்புலன்னு."

இரண்டையும் குறித்துக்கொண்டேன். மூன்றாவதுதான் முக்கியம்.

"சரி, வேற யாராச்சும் போகக் கூடாதா? நீங்க போகாட்டி என்ன ஆயிரும்?"

"போகாம எப்படிங்க?"

"அதான் கேக்கறேன். போகாட்டி?"

"போகாம இருக்க முடியாதுங்க."

"அதிகாரி இதைத்தான் கேப்பாருங்ணா. உங்களுக்குச் சொந்தமா அந்த ஆத்தா? இல்லை. சம்பளம் குடுக்கறது அவங்களா? இல்லை, மில்லு. அப்ப எதுக்கு மெஷினை உட்டுட்டுப் போனே? ஆசைப்பட்டுப் போனயான்னு கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?"

சைக்கிள் வரிசையில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். அவர்களுடைய வீடுகளிலிருந்து ரோட்டுக்கு வர பெரிய வீட்டுத் தோட்டத்தின் ஓரமாக ஒரு இட்டேரி இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்தில் தடம். ஒரு தடவை அந்த வீட்டில் ஒரு சாவு. அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தார், போகவில்லை. இவர் மில்லில் இருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால் இட்டேரி வாயில் வேலாமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, திட்டவில்லை. ஒரு வருஷம் ஓடை வழியாகச் சுற்றித்தான் ரோட்டுக்குப் போனார்கள். மழை பெய்தால் அதுவும் இல்லை. அண்ணனைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் ஓடை வழியாகத்தான்.

"போற வழியிலயேதானுங்க உசுரு போச்சு. எங்கம்மாளுக்குக் கண்ணு தெரியாது. மறுபடியும் தடத்த அடைச்சா அது எப்படிங்க நடக்கும்?"

"இதைத்தான் எழுதோணும்."

"இதெல்லாம் எழுத வேண்டாமுங்க."

"இது இல்லாட்டி மத்தது ஒண்ணும் நிக்காதுங்ணா."

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்க?"

"அதிகாரிக்குத் தெரியாது."

நீங்க படிச்சவரு, உங்களுக்குத் தெரியுமுங்க என்றார். ஒன்பதாவது பாதியில் நின்றதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை. இட்டேரியை அடைப்பது என்றால் என்ன என்று அவர் விளக்கவே தேவையில்லாதபடி எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் நான்கு ஏக்கர்தான்; ஆனாலும் எங்கள் வேலி ஓரமாகவும் ஒரு தடம் போயிற்று. சின்ன வயதில், என் பெரியப்பா முள் வெட்ட அரிவாளை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயமாக அது வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. அதனால் அந்தப் பத்தியை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தது போலவே எழுத முடிந்தது.

இரண்டு தாள் வந்தது. எழவு சேதி ஏன் நேரில் சொல்லப்பட வேண்டும், ஏன் உடனே கிளம்ப வேண்டியிருந்தது, போகாவிட்டால் அவர் குடும்பத்துக்கு என்ன நடக்கும், முன்பு என்ன நடந்தது, ஆகவே அவர் தன் விருப்பத்தால் மெஷினை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் மேல் உட்கார்ந்தது. இரண்டு முறை படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். போட்டு முடித்த பிறகும் பேனாவைக் கொடுக்காமல் வைத்திருந்தார்.

விசாரணையில் துணைக்கு ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. நான் போனேன். டைம் ஆபீசுக்கு மேல் ஒரு அறை. டவுனிலிருந்து வந்த ஒரு வக்கீல்தான் விசாரணை அதிகாரி. மில் சார்பில் லேபர் ஆபீசர். மூலையில் ஒரு டைப்பிஸ்ட். எங்கள் இருவருக்கும் இரும்பு நாற்காலி போட்டிருந்தார்கள்.

முதல் நாள் நன்றாகவே போனது. வக்கீல் கடிதத்தை மெதுவாகப் படித்தார். மூன்றாவது பத்தியில் நின்று, கண்ணாடியைக் கழற்றி, அவரைப் பார்த்தார்.

"இதெல்லாம் இன்னும் நடக்குதா?"

"ஆமாங்க."

வக்கீல் எதையோ குறித்துக்கொண்டார். முகத்தைப் பார்த்தபோது நமக்குச் சாதகம் என்று எனக்குப் பட்டது. கீழே இறங்கும்போது அவரிடம் சொன்னேன்: "கடுதாசி நின்னுருச்சுங்ணா. இதை யாராலயும் ஒடைக்க முடியாது." டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, "எங்கம்மாகிட்டச் சொல்லுல இன்னும்" என்றார். எதை என்று கேட்கவில்லை.

இரண்டாவது முறை உட்கார்ந்தது பத்து நாள் கழித்து. மில் தரப்பில் ஒரு சாட்சி என்றார்கள். லேபர் ஆபீசர் வெளியே போய் ஒருவரை அழைத்து வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஐம்பது வயது இருக்கும். மொட்டை அடித்துக் கொஞ்சமாக மயிர் முளைத்திருந்தது. இறந்துபோன ஆத்தாவின் மூத்த மகன். கடிதத்தின் நகல் எப்படி அவர் கைக்குப் போயிற்று என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டாலும் லேபர் ஆபீசர், சாட்சி வேண்டுமென்றால் கடிதத்தைக் காட்டித்தானே ஆக வேண்டும் என்றிருப்பார். அதில் ஓட்டை இல்லை.

அவர் நிலைவாசலில் கால் வைத்ததும் என் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். தோளில் இருந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

"எந்திரிக்காத, உக்காருப்பா" என்றார் வந்தவர்.

அவர் உட்காரவில்லை.

"உக்காருங்கறன்ல. இது ஆபீசு. இங்க எல்லாரும் ஒண்ணுதான்."

"இருக்கட்டுமுங்க பண்ணாடி."

பண்ணையத்து ஆட்கள் எஜமானைக் கூப்பிடுகிற சொல் அது. அன்று முழுவதும் அவர் நின்றார். என் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. நான் எழுதிய மூன்றாவது பத்தி முழுவதும் அந்த அறையில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தது. வக்கீலும் பார்த்தார். டைப்பிஸ்ட் வாயால் சொன்னதைத்தான் அடிப்பார். நின்றதை யாரும் வாயால் சொல்லவில்லை.

வந்தவர் என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. விருந்துக்கு வந்த வீட்டில் புதியவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"தம்பி எந்த ஊருங்க?"

சொன்னேன்.

"என்ன கூட்டம்?"

எங்கள் பக்கத்தில் இரண்டாவது கேள்வி அதுதான். கவுண்டருக்குக் கவுண்டர் எந்தக் குலம் என்று கேட்பது. சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். யார் வீட்டுப் பெண் யார் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று.

"அப்ப நம்ம சின்னம்மா பொண்ணக் குடுத்தது உங்கூருக்குத்தான். எனக்கு மாப்ள மொறை ஆகுதுங்க நீங்க. சொந்தத்துலயே ஆள வெச்சுக்கிட்டு நா வெளிய உக்காந்துட்டு இருக்கறேன் பாரு."

லேபர் ஆபீசர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியாத இடம் அது. அவர் மாப்ள என்றதும் எனக்கு உடம்பே கொஞ்சம் தளர்ந்துவிட்டது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

அவருடைய சாட்சியம் சுருக்கமானது. "எங்கம்மாவுக்கு இவன் மேல பாசமுங்க. சின்னதுல எங்கூட்டுல தின்னு வளந்தவன். எழவு சொல்லப் போகச் சொல்லி நாங்க யாருமே ஆள் உடலீங்க. கேள்விப்பட்டு அவனா வந்தான், அவனாப் போனான். மில்லுல வேலை போயிரும்னு தெரிஞ்சிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்." பிறகு திரும்பினார். குரல் இன்னும் இறங்கியது. "ஏப்பா, நாங்க எப்பவாச்சும் உன்னைய மெரட்டியிருக்கறமா?"

"இல்லீங்க பண்ணாடி."

"ஆரும் உன்னையப் போகச் சொன்னாங்களா?"

"இல்லீங்க. நாந்தானுங்க போனேன்."

வக்கீல் கடிதத்தை எடுத்தார். "அப்ப இதுல எழுதியிருக்கறது? தடத்தை முள்ளுப் போட்டு அடைச்சாங்கன்னு இருக்குதே?"

அவர் கையிலிருந்த துண்டை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"இதை யார் எழுதுனது?"

அப்போது அவர் என்னைக் காட்டியிருக்கலாம். பதிலி எழுதிக் கொடுத்தான், எனக்கு ஒன்றும் தெரியாது, போடச் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டேன் என்றால் போதும். பாதி பேருக்கு மேல் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"நாஞ்சொல்லித்தானுங்க எழுதுனது. தப்பாச் சொல்லிப்போட்டனுங்க."

வக்கீல் என்னிடம் திரும்பி, சாட்சியைக் கேட்க ஏதாவது கேள்வி இருக்கிறதா என்றார். இருந்தது. முந்தின நாளே தாளில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். உங்கள் தோட்டத்து ஓரத்து இட்டேரி ஒரு வருஷம் அடைபட்டிருந்ததா? ஆம் என்றால் ஏன்? இல்லை என்றால் அந்த வருஷம் அந்தப் பத்துப் பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போனார்கள்? வாத்தியாரைக் கேட்கலாம். எதிலும் தப்பிக்க இடம் இல்லாத கேள்விகள்.

நின்றுகொண்டிருந்தவர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். வேண்டாம் என்று. அதனால்தான் கேட்கவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் காரணம் தனியாக நிற்காது. அவர் தலையை அசைப்பதற்கு முன்பே என் கை பையிலிருந்து வெளியே வந்துவிட்டது, தாள் இல்லாமல்.

"ஒண்ணுமில்லைங்க சார்" என்றேன்.

வெளியே வந்து, கேட்டுக்குப் போகிற வழியில் அவர் பக்கத்தில் நடந்தேன்.

"பொய்யா இருந்தாச் சொல்லியிருப்பனுங்க" என்றார் அவராகவே. "ஆமா, முள்ளப் போட்டாங்க, மெரட்டுனாங்கன்னு தெகிரியமாச் சொல்லிப்போட்டு, ஊட்டுக்குப் போயிச் சும்மா இருந்திருப்பேன். நெசமுங்க. அதனால சொல்ல முடியல."

கேட்டைத் தாண்டியதும் அவர் பஸ்ஸுக்குத் திரும்பினார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. வேலை நேரத்தில் மெஷினை விட்டுப் போனது நிரூபிக்கப்பட்டது. அதோடு, தன் செயலை நியாயப்படுத்த மூன்றாம் நபர் மேல் பொய்யான குற்றச்சாட்டை எழுத்து மூலம் தந்தது, அதைத் தானே விசாரணையில் பொய் என்று ஒப்புக்கொண்டது. முதல் குற்றத்துக்கு மட்டும் என்றால் எச்சரிக்கை போதுமானதாக இருந்திருக்கும். இரண்டாவதையும் சேர்த்துப் பார்க்கும்போது வேலை நீக்கம். அந்த வாக்கியத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். சங்கத்துக்காரர் சொன்னபடி மன்னிப்பு எழுதிக் கொடுத்திருந்தால் முதல் குற்றம் மட்டும்தான் இருந்திருக்கும். நான் போட்ட பலகையில் நிற்க வைத்துத்தான் அவரைத் தள்ளினார்கள்.

லேபர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகு என்னைத் தேடி யாரும் கேன்டீனுக்கு வரவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் இருக்கும். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அவரே என்னைத் தேடித்தான் வந்திருந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாள்.

"ஒரு மனு எழுதோணுமுங்க."

"எதுக்குங்ணா?"

"மறுபடி வேலைக்கு எடுத்துக்கச் சொல்லி. கான்ட்ராக்ட்ல. பண்ணாடி பேசிட்டாருங்க. ஒரு மனு மட்டும் குடுக்கச் சொன்னாங்க."

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, தாளை என் பையின் மேல் வைத்துக்கொண்டேன். என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"எழவுக்குப் போனேன். தப்பு. மன்னிச்சு வேலை குடுங்கன்னு எழுதுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க." தாளைக் காட்டிச் சொன்னார்: "வேற ஒண்ணும் சேக்க வேண்டாமுங்க."

அவர் சொன்னபடியே எழுதினேன். மூன்று வரி. நீக்கப்பட்டவரை எதற்காகத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஒரு காரணம்கூட அதில் இல்லை. அந்த ஃபவுண்டரி மேனேஜர் கையில் கிடைத்திருந்தால் அரை நிமிஷத்தில் கிழித்திருப்பார். இங்கே யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த வாரமே அவரை உள்ளே விட்டார்கள். கழிவுப் பஞ்சு மூட்டை கட்டுகிற இடம். கார்டு கிடையாது. எந்த நாளும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

நான் அந்த மழைக்காலத்துக்குப் பிறகு மில்லை விட்டேன். வால்பாறையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். கணக்கு முடிக்க வந்த நாளில் கேட்டுக்கு வெளியே, கான்ட்ராக்ட் ஆட்களின் வரிசையில் அவர் நின்றிருந்தார். இருமல் அதிகமாகியிருந்தது. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்குதுங்க என்றார். தடம்? தடம் தெறந்துதானுங்க இருக்குது.

பிறகு எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "மறுபடியும் அந்த ஊட்டுல எழவு கிழவுன்னா என்னங்ணா பண்ணுவீங்க? திரும்பவும் வேலை போயிருமே?"

"இப்ப அந்தத் தொந்தரவு இல்லீங்க" என்றார். கேலியாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. "கான்ட்ராக்ட்காரரு பண்ணாடிக்கு மச்சினனுங்க. போன மாசம் பண்ணாடியோட சித்தப்பா தவறினப்பக்கூட, நாங் கேக்கறதுக்கு முன்னாலயே அவரே வந்து, எழவு சொல்லக் கெளம்புன்னு சொல்லிப்போட்டாரு."

கேட்டைத் திறந்தார்கள். வரிசை உள்ளே போயிற்று. "போயிட்டு வாங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டு அவரும் போனார்.